அரை லிட்டர் தண்ணீர்

ஈஜிபுரா, பெங்களூர்
14.2.1999

இளங்கோவுக்கு,

வியாழக்கிழமை வேலூரிலிருந்து திரும்பும்போது ஆம்பூரில் நீ ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனாய். அம்மாதான் ஜன்னல் பக்கம் வந்து கையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால் நீ வரமாட்டாய். வந்தாலும் அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். எனக்கும் வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னது உனக்கும் கேட்டது. என் ரத்தவகை உனக்குப் பொருந்துகிறது. மற்ற பரிசோதனைகளும் பொருந்துகின்றன. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் கொடுக்க முடியாது. மிச்சம் நான்தான். என் கிட்னி ஒன்றை எடுத்து உனக்கு வைக்கலாம். ஆனால் எண்பத்தெட்டு கிலோவோடு என்னை ஆபரேஷன் மேஜையில் ஏற்ற மாட்டாராம். எழுபத்தைந்துக்கு வரவேண்டுமாம். "மெதுவா எறங்குங்கம்மா, ஆனா எறங்குங்க" என்றார்.

நான் தலையாட்டுவதற்குள் நீ சொன்னாய்: "அதெல்லாம் எங்கக்காவால ஆவாது சார். அவ டிகிரி வாங்குவா, வேலை வாங்குவா, வாய மட்டும் கட்ட மாட்டா. வேற வழி இருந்தா பாருங்க."

ரத்தம் எடுக்க வந்த பெண் சிரித்தாள். டாக்டர் சிரிக்காமலிருக்க மேஜையில் எதையோ தேடினார். நான் என் கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார் ஓரிடத்தில் பிரிந்திருந்தது. செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டியவன் நீ, தைத்துத் தருகிறேன் என்று தீபாவளிக்குச் சொன்னாய். தைக்கவில்லை.

உனக்கு இருபத்துமூன்று வயது. வாரம் இரண்டு முறை உன் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். அதனால் உன்மேல் கோபப்படக்கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் கோபமாகத்தான் இருக்கிறேன்.

என்னால் ஆகுமா ஆகாதா என்று பார்.

வேனில்


ஆம்பூர்
24.2.99

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க நம் வீட்டில் யாருக்கும் தகுதியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொல்லி எழுதவில்லை. அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

நீ இளைக்க வேண்டாம். உன் கிட்னி எனக்கு வேண்டாம். வாங்குகிறவன் கையெழுத்துப் போடாமல் எந்த டாக்டரும் வெட்ட முடியாது. நான் போடமாட்டேன். நம் தெருவில் முதலில் காலேஜுக்குப் போனவள் நீ, இதுகூடவா புரியாது?

உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வயிற்றுப் பக்கம் அவ்வளவு நீளத் தையலை வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு என்ன சொல்வாய்? தம்பிக்குக் கொடுத்தேன் என்றா? "மிச்சம் ஒரு கிட்னிதான் கீதா?" என்று கேட்டு எழுந்து போய்விடுவான்.

இங்கே எல்லாம் பழையபடிதான். அம்மா காய்கறியை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வேகவைக்கிறாள். ருசி முழுக்க சாக்கடைக்குப் போகிறது, சக்கையை நான் தின்கிறேன். பருப்பு கிடையாது, உப்பு கிடையாது, வாழைப்பழம் கிடையாது. ஒரு நாளைக்குத் தண்ணீர் அரை லிட்டர். பழைய ஜூஸ் பாட்டிலில் அம்மா காலையில் நிரப்பி வைப்பாள். மாத்திரைக்கும் அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். காக்கா அண்டாவில் குடிப்பதைப் பார்த்தால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உனக்கு ஒல்லியாக வேண்டுமென்று அவ்வளவு ஆசை இருந்தால் வா, என் சாப்பாட்டைச் சாப்பிடு. ஒரே வருஷத்தில் பதினெட்டு கிலோ. பேண்ட்டைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

பை வாரை அனுப்பு, தைத்துத் தருகிறேன்.

இளங்கோவன்


ஈஜிபுரா
2.4.1999

இளங்கோவுக்கு,

எண்பது. நேற்று மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். நம்பாமல் எதிர்க் கடையிலும் பார்த்தேன். அதே எண்பதுதான்.

இந்த மாதக் கடைசியில் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் நான் வேலூருக்கு அலைய வேண்டாம் என்று உன் டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ கையெழுத்துப் போடமாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. முதலில் என் பக்கம் முடியட்டும்.

வேலை அதிகம். வருஷம் இரண்டாயிரம் பிறந்ததும் பழைய புரோகிராம்கள் தேதியைத் தப்பாகப் படிக்குமாம். வைட்ஃபீல்ட் ஆபீசில் எல்லோரும் அதைத்தான் தேடித் தேடித் திருத்துகிறோம். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இப்போதெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். திறந்து வைத்திருந்தால் ரோடு சுற்றுகிறது. வெயில் காரணமாக இருக்கலாம். வீட்டுக்கார எல்லம்மா தினமும் படிக்கட்டில் நின்று கேட்கிறார்கள்: "ஊட்டா ஆச்சா, சாப்ட்டியா? மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு? உங்கம்மா வந்து என்னத்தான் கேப்பாங்க." ஆச்சு என்று சொல்லி மேலே ஏறிவிடுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். தாகம் தாங்காதபோது ஒரு கிராம்பை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள். காரத்தில் எச்சில் ஊறும், கொஞ்ச நேரம் தாங்கலாம். மத்தியானம் மூன்று மணி வாக்கில்தான் ரொம்ப மோசமாக இருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டிவிட்டால் சாயங்காலம் அவ்வளவு தெரியாது. ஈரத்துணியால் உதட்டைத் துடைக்காதே, அது இன்னும் கேட்கும்.

பை வாரை நானே தைத்துக்கொண்டேன்.

வேனில்


ஆம்பூர்
12.4.99

அக்கா,

கிராம்பு வேலை செய்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டயாலிசிஸில் என் பக்கத்துப் படுக்கை மதலைமுத்து. நாலு வருஷமாக வருகிறவர். அவருக்கும் ஒரு கிராம்பு கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "யாருடா சொன்னது?" என்றார். அக்கா என்றேன். "அவங்களுக்கும் டயாலிசிஸா?" என்றார். இல்லை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்றேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன், அந்த மூன்று மணி சமாச்சாரத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் சிரிக்கவில்லை. "தம்பி, இது கேட்டு எழுதினது இல்ல. காஞ்சு கெடந்து எழுதினது. என்னன்னு விசாரி" என்றார்.

மூன்று மணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நான் உனக்கு எழுதவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. ஈரத்துணி சங்கதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

நீ என்ன சாப்பிடுகிறாய்? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? மழுப்பாமல் எழுது. உடனே எழுது.

இளங்கோ


ஈஜிபுரா
27.4.1999

இளங்கோ,

உன் கடிதம் ஒரு வாரமாக மேஜைமேல் இருக்கிறது. பரிசோதனை முடியட்டும், எழுபத்தெட்டு என்ற ஒரு வரியைப் பதிலாக எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று ரிசல்ட் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

என் ரத்தத்திலும் கிரியாட்டினின் கூடியிருக்கிறது. உன் அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கவேண்டியதைவிட அதிகம். பிப்ரவரியில் சரியாக இருந்தது. சிறுநீரிலும் ஏதோ சரியில்லையாம். இங்குள்ள டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உன் தம்பிக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, அப்பா எதில் போனார் என்று கேட்டார். அப்பாவுக்கு என்ன என்று யார் பார்த்தார்கள்? கால் வீங்கியிருந்தது, போய்விட்டார் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். உனக்கு வந்தது எனக்கும் வருகிறதோ என்று சந்தேகப்படுகிறார். தானம் கொடுக்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

"டயட்ல எதாவது சேஞ்ச்?" என்று இங்கிலீஷும் கன்னடமும் கலந்து கேட்டார். அறையில் இன்னும் நாலு மாணவர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் இடுப்பையே பார்ப்பதுபோல இருந்தது. நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறேன், பிப்ரவரிக் கடைசியிலிருந்து. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது, பெரிய டாக்டர்கள் போட்டது, தப்பாக இருக்காது என்று நினைத்தேன். நீ அதில்தானே இளைத்தாய். காயை இரண்டு தரம் வேகவைத்து, பருப்பு இல்லாமல், உப்பு இல்லாமல். தண்ணீர் அரை லிட்டர்.

இது அந்தச் சாப்பாட்டினாலா, இல்லை எனக்கும் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. சாப்பாட்டினால் என்றால் நான் முட்டாள். இல்லையென்றால் உனக்குக் கொடுக்க ஆளே இல்லை.

வேனில்


ஆம்பூர்
30.4.99

அக்கா,

முதலில் தண்ணீர் குடி. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

குடித்தாயா?

உன்னைத் திட்டுவதற்காக ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். வேடிக்கையாக ஒரு வரி எழுதினேன், அக்கா. அதைப்போய் வாழ்க்கையாகச் செய்திருக்கிறாயே. நான் வேண்டுமென்றா அரை லிட்டர் குடிக்கிறேன்? குடித்தால் அது போக வழியில்லாமல் நெஞ்சில் ஏறுகிறது, அதனால் குடிப்பதில்லை. உனக்குப் போக வழி இருக்கிறது.

நாளைக்கே அந்த டாக்டரிடம் போய்ச் சொல். நாலு மாணவர்கள் இல்லை, நாற்பது பேர் நிற்கட்டும். வாய் வரவில்லையென்றால் எழுதிக் கொண்டுபோய் நீட்டு. உனக்கு எழுத வரும்.

நீ போகவில்லையென்றால் நான் பஸ் ஏறி அங்கே வருவேன். டயாலிசிஸை விட்டுவிட்டு வருவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இளங்கோ


ஈஜிபுரா
23.5.1999

அன்புள்ள இளங்கோ,

கிரியாட்டினின் இறங்கிவிட்டது. பிப்ரவரியில் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி மூச்சை விட்டுப் படி.

நீ சொன்னபடி எழுதித்தான் கொண்டுபோனேன். டாக்டர் படித்துவிட்டு என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். பெயர் மௌரீன். ஃப்ரேஸர் டவுன்காரர், ஆங்கிலோ இந்தியர், அம்மா வயது இருக்கும். என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர். நான் நாற்காலியில் உட்கார்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்னா மேன் இது? டயாலிசிஸ் டயட்டு, அதுவும் நல்ல கிட்னி வச்சிக்கிட்டு! தம்பி காலு ஒடச்சிக்கிட்டா நீயும் மாவுக்கட்டு போட்டுக்குவியா?"

அடுத்த மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆச்சரியம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ இளைத்தது சாப்பாட்டினால் இல்லையாம், நோயினால். அந்தச் சாப்பாடு நோயோடு காலம் தள்ளுவதற்காம். நான் பருப்பையும் முட்டையையும் விட்டதால் கொழுப்போடு சதையும் கரைந்திருக்கிறதாம். கிட்னி தண்ணீர் இல்லாமல் திணறியிருக்கிறது. மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துத் திரும்பப் போனபோது மெஷின் எண்பத்துமூன்று காட்டியது. அங்கேயே அழுதுவிட்டேன். இறங்கியதில் பாதி திரும்பி வந்துவிட்டதே.

"அழுவாத. அதுல பாதிக்கு மேல தண்ணி. அது உன்னுதுதான், திருப்பி வந்திருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "இங்க பாரு. ஒண்ண குடுத்துட்டேன்னா மிச்சம் ஒண்ணு. நாப்பது வருஷம் அது ஒண்ணேதான் ஓடணும். மறுபடி குண்டானா பிரஷர் வரும், சுகர் வரும். உங்கம்மாக்கு வேற இருக்கு. டாக்டர் அதுக்குத்தான் பயப்படுறாரு. மெஷினுக்குக் காட்ட எளைக்காத. என்னிக்கும் சாப்பிட முடியற மாதிரி சாப்டு எளை."

எதை விட முடியாது என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றேன். "ஆம்பூர்க்காரியா? அத வுடச் சொன்னா பாவம் வரும். வச்சிக்கோ. ஒரு தட்டு, மறுபடி போட்டுக்காத" என்றார். பசியே இல்லாமல் எப்போது சாப்பிடுகிறாய் என்று அடுத்த கேள்வி. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஆபீசில் நாலு மணிக்கு எல்லோரும் கேன்டீனில் கூடுவார்கள். பஃப்ஸ், சமோசா, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். எல்லோரும் இங்கிலீஷில் பேசிச் சிரிப்பார்கள். என் வாயில் எதுவும் இல்லையென்றால் யாராவது திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிடுவார்கள். வாய் நிறைய இருந்தால் தலையாட்டினால் போதும். இரண்டு வருஷமாக அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மௌரீன் அதற்குச் சிரிக்கவில்லை. "அப்போ எளைக்கறதுக்கு நீ கொஞ்சம் பேசணும் மேன்" என்றார்.

எல்லம்மா வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைச் சாறும் பண்ணும் நாளில் எனக்கும் கொடுக்கிறார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். அக்டோபரில் என்னைத் திரும்ப எடைபோட்டுப் பார்க்கலாம் என்று வேலூர் டாக்டரும் இங்குள்ளவரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவரை தாங்குவாயா? நீ கையெழுத்துப் போடுவாயா? எதையாவது எழுது.

வேனில்


ஆம்பூர்
20.6.99

அக்கா,

இடது கையில் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள். வலது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்து வைத்திருந்தார்கள் அல்லவா, அது அடைத்துக்கொண்டது. திரும்பக் கீறிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு தரம் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அக்டோபர்வரை கழுத்துக் குழாயை நம்பி இருப்பது கஷ்டம் என்று அவர் சொல்லியிருப்பார் போல. உனக்குப் போன் பண்ணப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் சொல்வதைக் கேட்காதே. உனக்குத் திரும்ப கிரியாட்டினின் ஏறினால் எல்லாம் முடிந்தது, அக்டோபரும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஒழுங்காகச் சாப்பிடு. களி தின்னு. நட.

பிப்ரவரியில் வேண்டாம் வேண்டாம் என்று குதித்தவன் இப்போது இதை எழுதுகிறேன், பார்.

இளங்கோ


ஈஜிபுரா
18.7.1999

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதத்துக்கு முன்பே அம்மாவின் போன் வந்துவிட்டது. எல்லம்மா வீட்டுப் போனில், அவர்கள் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு கேட்டேன்.

"ஏண்டி, அவன் கழுத்துல கொழாய மாட்டிக்கினு நடுங்கிக்கினு கெடக்கறான். நீ அங்க கணக்குப் போட்டு சாப்டுக்கினு கீற. ரெண்டு மாசம் பட்டினி கெடந்தா செத்தா பூடுவ?"

அம்மா அழுதாள். பிறகு லைன் போய்விட்டது.

அன்றைக்கு இரவும் மறுநாளும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன். அதற்கு அடுத்த நாள் ஆபீசில் தருண் என்பவனுக்குப் பிறந்தநாள். நாலு மணிக்கு நான் கேன்டீனுக்குப் போகவில்லை. எல்லோரும் போன பிறகு போனேன். மிச்சமிருந்த கேக்கையும் பஃப்ஸையும் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு படிக்கட்டுக்குப் பின்னால் நின்று தின்றேன். ருசி தெரியவில்லை.

மௌரீனிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை எழுதிக் கொண்டுபோகவில்லை. "பட்டினி கெடந்தா இதான் நடக்கும், உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அடுத்த வேளை ஒழுங்கா சாப்டு. அதோட வுடு" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

அடுத்த வாரம் இன்னொருவருக்குப் பிறந்தநாள். எல்லோரும் இருக்கும்போதே போனேன். கேக்கை நீட்டினார்கள். இங்கிலீஷில் வேண்டாம் என்றேன். "கமான், ஒரு பீஸ்" என்றார்கள். திரும்பவும் வேண்டாம் என்றேன். ஏன், டயட்டா என்று ஒருத்தி கண்ணடித்தாள். என் வாயில் ஒன்றும் இல்லை, அதனால் பதில் சொல்லவேண்டியிருந்தது. என் தம்பிக்கு என் கிட்னி வேண்டும், அதற்கு நான் இளைக்கவேண்டும் என்றேன். கத்தியை வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். இலக்கணத்தில் நாலு தப்பாவது விட்டிருப்பேன். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

எண்பது. அதே மெஷின், அதே எண்பது, ஆனால் இப்போது ரோடு சுற்றவில்லை. எல்லம்மா வீட்டு இரண்டு மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை.

இதற்குமேல் வேகமாக என்னால் முடியாது, இளங்கோ. முடியும், ஆனால் செய்யக்கூடாது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ சொல். உன்னால் காத்திருக்க முடியுமா என்றும் சொல்.

வேனில்


ஆம்பூர்
8.8.99

அக்கா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை, "அவ ஒழுங்கா சாப்புடறாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளிடம் கிடைக்கும்.

மதலைமுத்து போன வாரம் வரவில்லை. அவர் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். நான் விசாரிக்கவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் அறைக் கண்ணாடிக்குள் படுத்துக்கொண்டு உன்னை நினைத்தேன், படிக்கட்டுக்குப் பின்னால் தட்டோடு.

டாக்டர் அறையில் உன்னைப் பற்றி அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் எழுபத்தைந்து என்று சொன்னதும் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குப் பயம். கிட்னியை வெட்டுவதற்கு இல்லை, எல்லோர் முன்னாலும் இளைக்கத் தெரியாமல் தோற்றுவிடுவோமோ என்று. அக்காவால் ஆகாது என்று நானே சொல்லிவிட்டால், நீ கொடுக்காமல் போனதாக யாரும் பேசமாட்டார்கள், என்னால்தான் என்று ஆகிவிடும். அப்படி நினைத்துத்தான் சொன்னேன். ரத்தம் எடுக்கிறவள் சிரிப்பாள் என்று நினைக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரு கண்டிஷன். உன்னை எடைபோடும் அன்று ஒரு கிலோ கூட இருந்தால், குறைத்துக் காட்டுவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் ஏறாதே. கூட இருந்தால் இருக்கட்டும். நான் இன்னும் ஒரு மாதம் இருப்பேன்.

இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இளங்கோ


வேலூர் பஸ் ஸ்டாண்ட்
21.10.1999

இளங்கோ,

பெங்களூர் பஸ் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். உன்னைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நீ வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பவேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். உன் உதட்டோரத்தில் கிராம்பு தெரிந்தது.

நேற்று மருந்துக்கடை மெஷினில் எழுபத்தாறு. காலையில் பஸ் ஏறும்போது கையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. குடிக்காமல் போனால் எழுபத்தைந்து என்று காட்டும், எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது. ஓசூர்வரை பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தேன். உன் கழுத்துக் குழாயை நினைத்தால் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். பிறகு குடித்தேன். மாதனூர் வருவதற்குள் பாட்டில் காலி.

எழுபத்தேழு காட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். டாக்டர் எட்டு மாதத் தாள்களையும் மேஜையில் பரப்பினார். ஏப்ரல் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். "இங்க வெயிட்டு வேகமா விழுந்திருக்கு, உடனே ஏறிடுச்சு. அதுக்கப்புறம் ஏறவே இல்ல" என்றார். இன்றைக்கு என்ன குடித்தாய் என்று கேட்டார். பஸ்ஸில் ஒரு லிட்டர் தண்ணீர் என்றேன், கேட்கும்படி. சிரித்தார். நாலைந்து மாதத்தில் இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், இறக்கி அங்கேயே நின்றவர்கள் கொஞ்சம்தான் என்றார். சிறுநீர் ரிப்போர்ட் சுத்தமாம்.

எழுபத்தேழு போதுமாம். ஆபரேஷன் நவம்பர் இருபத்திரண்டு. அதற்குள் காய்ச்சல் வந்து தள்ளிப்போடும்படி செய்துவிடாதே. கையெழுத்துப் போடும் இடத்தை டாக்டர் எனக்குக் காட்டினார். உன் பெயர் ஏற்கெனவே இருந்தது, இடது கை எழுத்தில்.

பஸ்ஸுக்குக் கூவுகிறார்கள்.

அக்கா


வேலூர், ஆஸ்பத்திரி, தனி அறை
25.11.99

அக்கா,

நீ மூன்றாவது மாடியில் இருக்கிறாயாம், நான் ஐந்தாவதில். கிருமி வரும் என்று யாரையும் என் பக்கத்தில் விடுவதில்லை. அம்மாகூடக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறாள். சத்தமாகப் பேசினால் தையல் இழுக்கிறது. அதனால் நர்ஸிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன். அவர் கீழே வரும்போது உன்னிடம் தருவார்.

உன்னது முதல் நாளே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சிறுநீர் சேரும் பையை மணிக்கு ஒரு தரம் வந்து பார்க்கிறார்கள். இவ்வளவா என்று ஒரு டாக்டர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் இருக்கவேண்டுமாம், இப்போதே எதுவும் சொல்லமாட்டார்களாம். தெரியும். ஆனாலும் இதைக் கேள்.

தண்ணீர் குடி என்கிறார்கள். அரை லிட்டர் இல்லை, அக்கா. மணிக்கு ஒரு தம்ளர், வெளியே போகிறதை எல்லாம் உள்ளே விடவேண்டுமாம். முதல் தம்ளரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் ரொம்ப நேரம் இருந்தேன். "முழுங்குப்பா, யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க" என்றார் நர்ஸ். இப்போது ஐந்தாவது தம்ளர். வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, போதும் என்றால் விடமாட்டேன் என்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு நாள் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

உன் பக்கத்திலும் ஒரு சொம்பு வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். வலியில் நீ தொடவே இல்லையாம்.

நான் ஐந்து குடித்துவிட்டேன். நீ குடித்தாயா?

இளங்கோ